மோசே பாலத்துக் கரையில் விடப்பட்டவர்கள்: நமது சங்கச் செயற்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

இம்மாதச் சுற்றறிக்கையில் கோடைச் சுற்றுலா பற்றிய அறிவித்தலின் கீழே இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டைப் போலவே இவ்வாண்டும் பேருந்து, கோட்டை அகழியின் தண்ணீருக்குள் இறக்கிக் கட்டிய மோசே பாலத்தில் முப்பது நிமிடம் தரித்து நிற்கும் என்கிறது முதல் வரி. படியேற இயலாத முதியோரும் சக்கர நாற்காலி பாவிப்போரும் இம்முறை பயணத்தில் கலந்துகொள்வதைத் தவிர்த்து ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அடுத்த வரி. சிறிய எழுத்துகளை வாசிக்க என் தகப்பனாரால் இயலாததால், சுற்றறிக்கை வரும்போதெல்லாம் நானே அவருக்கு அதை வாசித்துக் காட்டுவேன். இந்த முறை அந்த இரண்டாவது வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அவருக்கு வாசிக்க எனக்கு மனம் வராத ஒரு வரியைச் சங்கத்தின் பெயரில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடலை எல்லா உறுப்பினர்களும் வாசிக்கும் வகையில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நடந்ததை, அன்று பேருந்தில் இருந்தவர்களுக்கு நினைவூட்டவும் இராதவர்களுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் தெற்கிலுள்ள ஹல்ஸ்தெரென் ஊருக்கு வெளியே பேருந்து நின்றதும், பாலத்துக்குப் படியிறங்க வேண்டும், நேரமும் குறைவு, ஆகவே நடக்கச் சிரமப்படுபவர்கள் இருக்கையிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று ஒலிவாங்கியில் அறிவிக்கப்பட்டது. ஐந்து முதியவர்கள் இருந்துகொண்டார்கள். அவர்களுள் ஒருவர் என் அப்பா. வயது எழுபத்தொன்பது; இரண்டு முழங்கால்களிலும் சத்திரசிகிச்சை செய்தவர்; வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார், வெளியே சக்கர நாற்காலி வேண்டும். மற்றவர்களோடு நானும் இறங்கிப் போனேன். அவரை விட்டுப் போனது என் பிழை, அதை நான் யார்மீதும் சுமத்தவில்லை. முப்பது நிமிடத்தில் திரும்பி வந்து, கைப்பேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினேன். சேலை கட்டிய பெண்கள், இருபுறமும் மரச்சுவர், அச்சுவரின் விளிம்புவரை நிற்கும் தண்ணீர், நடுவே சிரிக்கும் முகங்கள். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து முடித்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கோட்டை எங்கே, பிள்ளை?"

என் கைப்பேசியில் இருந்த முப்பத்தொரு படங்களில் ஒன்றில்கூடக் கோட்டை இல்லை. வீட்டுக்கு வந்தபின், சங்கத்தின் பக்கத்தில் நீங்கள் பகிர்ந்த படங்களையும் தேடிப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை. கோட்டைக்குள் போவதற்காகக் கட்டப்பட்ட ஒரு பாலத்தில் நடந்து, கோட்டைக்குள் போகாமலேயே திரும்பி வந்திருக்கிறோம். அந்தப் பயணத்தைத்தான் இந்த ஆண்டும் அப்படியே நடத்தப் போகிறீர்கள். மாற்றம் ஒன்றே ஒன்று, சென்ற ஆண்டு பேருந்தில் இருந்தவர்கள் இம்முறை வீட்டில் இருக்க வேண்டும்.

அந்தப் பாலம் ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் அன்று கூட வந்திருந்தார்கள். "ஏன் ரீச்சர், பாலத்தைத் தண்ணிக்குள்ள கட்டினவங்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்துத் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் முப்பது நிமிடம் போதும் என்ற உங்கள் தீர்மானம், அங்கே பார்ப்பதற்குப் பாலத்தைத் தவிர வேறொன்றுமில்லை என்ற எண்ணத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெர்கன் ஒப் சோம் நகரத்துக்கும் ஸ்தீன்பெர்கன் நகரத்துக்கும் இடைப்பட்ட தாழ்நிலம், வேண்டும்போது வேண்டுமென்றே வெள்ளத்தில் மூழ்கடிக்கப்படுவதற்காக ஒழுங்கு செய்யப்பட்ட நிலம். ஸ்பானிய மன்னருக்கு எதிராக இந்நாட்டவர் 1568 முதல் 1648 வரை நடத்திய எண்பதாண்டுப் போரின் நடுவே, 1628 இல், மேற்குப் பிரபாண்ட் நீர்வேலி என்ற அந்தப் பாதுகாப்பு வரிசை அமைக்கப்பட்டது. எதிரி வருகிறான் என்றால் மதகுகளைத் திறந்து வயல்வெளிக்குள் தண்ணீரை விடுவார்கள். ஆள் அளவுக்கு ஆழமாக அல்ல, முழங்காலளவுக்கு. அந்த அளவில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது: காலாட்படை அணிவகுத்து நடக்கவும் பீரங்கி வண்டியை இழுத்துப் போகவும் இயலாத அளவுக்கு ஆழம், படகு மிதக்கப் போதாத அளவுக்கு ஆழமின்மை. வாய்க்கால் எங்கே இருக்கிறது, மேடு எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது. வெள்ளம் ஏறாத மேட்டுநிலப் பகுதிகளின் வழியே எதிரி நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கோட்டைகள் கட்டப்பட்டன. மூர்மொண்ட், பின்சென், ஹென்ரிக்கஸ் என்பவை அவ்வரிசையிலுள்ள மற்றக் கோட்டைகள். நமது பேருந்து நின்றது டி ரோவெர கோட்டையின் முன்னால்.

அது கல்லால் கட்டியதல்ல, மண்ணால் எழுப்பியது. கல்மதிலில் குண்டு விழுந்தால் கல் சிதறும். தடித்த மண்ணணை அந்தக் குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். புல் மூடிய சரிவுகளும் அவற்றின் வெளியே சூழ்ந்து கிடக்கும் அகழியுமாக அந்தக் கோட்டை இருப்பதால், கோட்டை என்றால் கோபுரமும் கொத்தளமும் உயர்ந்த கல்மதிலும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் கண்ணுக்கு அது ஒரு பூங்காவைப் போலத் தோன்றிவிடும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. 19 ஆம் நூற்றாண்டில் பயன்பாடிழந்து பாழடைந்த அந்த நீர்வேலியை அண்மைக் காலத்தில் சீரமைத்து, நடைபயணிகளும் சைக்கிளோட்டிகளும் வந்து போகும் இடமாக்கினார்கள். அப்போதுதான் அகழியைக் கடக்க ஒரு வழி தேவைப்பட்டது.

கோட்டைக்கு எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான் என்று எதிர்பார்க்கப்பட்டதோ, அந்தத் திசையில் பாலம் வேண்டியிருந்தது. அந்த வேலையை எடுத்துக்கொண்ட ரோ அன்ட் ஏடி என்ற கட்டடக்கலை நிறுவனத்தார், ஓர் அரணின் அகழிக்கு மேலே, அதுவும் எதிரி வரும் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒரு பாலத்தைப் போடுவது அந்த அரணுக்கே பொருந்தாது என்று கருதினார்கள். அகழி என்பது கடக்க இயலாத ஒன்றாகத் தோன்ற வேண்டும். ஆகவே பாலத்தைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். நீரில் உக்காதபடி பதப்படுத்திய அக்கோயா என்ற மரத்தால் தரையும் இருபக்கச் சுவர்களும் அமைத்து, நீர் கசியாமல் செயற்கை இறப்பர் விரிப்பிட்டு, சுவரின் மேல்விளிம்பு கிட்டத்தட்ட நீர்மட்டத்தோடு ஒன்றும்படி செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாலமே தெரியாது. அதில் நடப்பவரின் தலையும் தோளும் மட்டும் தண்ணீருக்கிடையே நகர்வது போலிருக்கும். கடல் பிளந்து வழிவிட்ட விவிலியக் கதையை வைத்து மோசேயின் பெயர் அதற்கு வந்தது. அதன் வடிவமைப்புக்காக அது விருதும் பெற்றது.

இந்தக் காரணத்தைத் தெரியாமல் பாலத்தைப் பார்த்தால் அது ஒரு விநோதம் மட்டுமே. தெரிந்து பார்த்தால், ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்னால் மண் சுமந்து அந்த அணையைக் கட்டியவர்களுக்கு இன்றைய கட்டடக்காரர் காட்டிய மரியாதை அதில் தெரியும். அந்த மரியாதையைத்தான் நாங்கள் அங்கே போய்க் கவனிக்கத் தவறினோம். இன்னுமொன்று: தன்னைத் தூரத்திலிருந்து மறைத்துக்கொள்வதே அந்தப் பாலத்தின் சிறப்பு என்பதால், அதை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் அகழிக்கரையில் சற்றுத் தள்ளி நிற்கவும் வேண்டும். படியிறங்க இயலாதவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் உண்மையல்ல என்பதை நான் நேரிலேயே கண்டேன்.

அந்தப் பயணம் முடிந்து மூன்று மாதத்தின்பின், ஓர் ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவரும் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு மறுபடி அங்கே போனோம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், பாலத்தின் முதற்படிக்குச் சற்று அப்பால் அகழியின் வெளிக்கரையில் நிறுத்தினோம். என் கணவரை மட்டும் பாலத்தில் நடக்கச் சொன்னோம். அவர் படியிறங்கியதும் அவருடைய கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, பிறகு தலையும் தோளும் மட்டும் தண்ணீருக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பாலத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்க்கத் தொடங்கினார். அகழியின் கோணங்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன, மண்ணணை எங்கே முன்னுக்குத் தள்ளி நிற்கிறது, நாங்கள் நிற்கும் பக்கம் ஏன் வெறும் வெளியாகக் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இது முற்றவெளியெல்லோ."

யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் கோட்டையின் அருகே, முனியப்பர் கோயிலை ஒட்டிப் பரந்து கிடக்கும் வெற்றுநிலம்தான் முற்றவெளி. கூட்டங்களும் விளையாட்டுகளும் நடக்கும் மைதானமாகவே அதை நாங்கள் அறிந்திருந்தோம். கோட்டைக்கு வெளியே வீடோ மரமோ இல்லாத ஒரு வெளி ஏன் வேண்டும் என்று அப்பா அன்று எனக்கு அந்தக் கரையிலிருந்தே விளக்கினார்: கொத்தளத்தில் நிற்கும் பீரங்கிக்குப் பார்வை மறைக்கக் கூடாது, வருகிறவன் ஒளிந்து நிற்க ஒரு வேலிகூட இருக்கக் கூடாது. அப்பா யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை செய்தவர். முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் கையால் அறிந்தவர். சிறுவயதில் பண்ணைக் கடற்காற்றில் கோட்டை அகழியோரம் நடந்து திரிந்தவர். புத்தகத்தில் நான் தேடி வாசித்ததை அவர் நிலத்தைப் பார்த்தே வாசித்தார்.

அன்று அவர் தொடங்கி வைத்த பேச்சின் பின்னால் நான் தேடிச் சென்றபோது கிடைத்தவை என்னை இன்றுவரை விடவில்லை. யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் 1619 இல் கைப்பற்றினார்கள். அந்தக் காலத்தில் போர்த்துக்கலுக்குத் தனி மன்னர் இருக்கவில்லை. 1580 முதல் 1640 வரை அது ஸ்பானிய மன்னரின் கீழே இருந்தது. அதாவது யாழ்ப்பாணம் எந்த அரசகுலத்தின் ஆட்சிக்குள் விழுந்ததோ, அதே அரசகுலத்தின் படைகளைத் தடுப்பதற்குத்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்த நீர்வேலி எழுந்தது. பிறகு 1658 இல், தங்கள் நாட்டை ஸ்பானியரிடமிருந்து காத்துக்கொண்ட இந்த ஒல்லாந்தரே, மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பறித்தார்கள். நாற்கோணமாக இருந்ததை ஐங்கோணமாக்கி, ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து. நமது தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வாழும் நாட்டின் மாகாணப் பெயர்கள் அவை. தாத்தாமாரின் ஊரில் ஒரு கோட்டையின் மூலைகளுக்கு அந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று என் வகுப்பில் சொன்னபோது, பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு நிமிடம் சத்தமே இல்லாமல் இருந்தார்கள்.

காத்துக்கொண்டவர்களே இன்னொரு கரையில் கைப்பற்றியவர்களாகவும் இருந்தார்கள் என்பது பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும் செய்தியல்ல. ஆனால் இந்நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள டி ரோவெர கோட்டையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் கட்டிய சிலுவைக் கோயில் 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்ததையும், போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு கோட்டையின் சீரமைப்பு நடந்ததையும் அறிந்த முதியவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். அந்த அகழியைக் கண்ணால் பார்த்தவர்கள், அந்தக் கோட்டையிலிருந்து வந்த குண்டுக்குப் பயந்து பதுங்கியவர்கள். டி ரோவெர கோட்டைக்கு நாம் ஒரு பேருந்தில் போகிறோம் என்றால் அதில் முதலில் ஏற வேண்டியவர்கள் அவர்கள். நீங்களோ அவர்களைத்தான் வர வேண்டாம் என்கிறீர்கள்.

அன்று வேறு சிலவும் நடந்தன. அவற்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாலம் குறுகலானது. நமது முழுக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கி, குழுப்படத்துக்காக வரிசையாக நின்றபோது, நாயோடு நடந்து வந்த வயதான தம்பதியர் இருவர் மறுபுறப் படியில் கால்மணி நேரம் போலக் காத்திருந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வழிவிட்டபோது அந்த அம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நமது சிறுவர்கள் மரச்சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டினார்கள். இளைஞர்கள் சிலர், பாதையைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல், மண்ணணையின் சரிவில் நேராக மேலே ஓடி, மறுபடி சறுக்கிக்கொண்டு கீழே வந்தார்கள். கல்மதிலில் ஏறினால் அது கேடு என்று யாருக்கும் தோன்றும். மண்சரிவில் ஏறுவதும் அதே கேடுதான் என்று தோன்றுவதில்லை. புல் பெயர்ந்த இடத்தில் மழைநீர் இறங்கும், மழைநீர் இறங்கிய இடத்தில் மண் கரையும். அந்த அணையே கோட்டை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிராதபோது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது நிமிடத்துக்குள் எல்லாருக்கும் படம் வேண்டும் என்று அவசரப்படுத்தியவர்கள் நாங்கள்தான்.

இதே விடயத்தைச் சென்ற ஆண்டு இறுதியில் செயற்குழு உறுப்பினர் ஒருவரிடம் தொலைபேசியில் கதைத்தேன். அவர் சொன்ன காரணங்கள் மூன்று. ஒரே நாளில் நான்கு இடங்களுக்குப் போக வேண்டியிருப்பதால் நேரம் போதாது. முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால் சங்கம் பொறுப்பேற்க நேரிடும். இளம் குடும்பங்கள் படம் எடுக்கவே விரும்புகின்றன. முதற்காரணத்துக்கு என் பதில், நான்கு இடங்கள் வேண்டாம் என்பதே. நான்கையும் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை என்பதற்கு என் தகப்பனார் கேட்ட கேள்வியே சாட்சி. இரண்டாவது காரணத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதும், படியில்லாத வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரிப்பதும் முதலில் செய்ய வேண்டியவை. வர வேண்டாம் என்பது அவ்வளவையும் செய்து பார்த்து முடியாமற்போன பிறகு, மன்னிப்போடு சொல்ல வேண்டியது. கோட்டையின் பராமரிப்பாளர்களுக்கு நமது சங்கத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்போ மின்னஞ்சலோ போனதில்லை என்று அந்த உறுப்பினரே ஒப்புக்கொண்டார். மூன்றாவது காரணம் உண்மையாகவும் இருக்கலாம். படம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, நானும் முப்பத்தொரு படம் எடுத்தவள். ஆனால் சங்கத்தின் யாப்பில், தமிழரின் வரலாற்றையும் வாழும் நாட்டின் வரலாற்றையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது நமது நோக்கம் என்று எழுதியிருக்கிறோம், அந்த நோக்கத்துக்காகவே ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுச் சந்தா கட்டுகிறது. என் அப்பாவும் கட்டுகிறார், இந்த ஆண்டுக்குரியதைத் தை மாதத்திலேயே கட்டிவிட்டார்.

எனவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, படியேற இயலாதவர்களும் சக்கர நாற்காலி பாவிப்போரும் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற வரியை மீளப்பெற்று, மீளப்பெற்றதை அடுத்த சுற்றறிக்கையின் முதற்பக்கத்தில் அறிவியுங்கள். அத்தோடு, சென்ற ஆண்டு பேருந்தில் விடப்பட்ட ஐவரையும் தலைவரோ செயலாளரோ நேரில் சென்று இம்முறை வரும்படி அழையுங்கள். ஐவரும் எங்கே வசிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

பதிவு தொடங்குமுன் கோட்டையின் பராமரிப்பாளர்களோடு தொடர்புகொண்டு, படியில்லாமல் உள்ளே செல்ல எந்த வழி இருக்கிறது, சக்கர நாற்காலி எதுவரை போகலாம், பேருந்து எவ்வளவு அருகே வந்து நிற்கலாம், கழிவறை வசதி எப்படி என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உள்ளே செல்ல இயலாது என்று பதில் வந்தாலும் வெளிக்கரையிலிருந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் இளைஞர் துணையாக நிற்கட்டும். இதற்கு என் வகுப்பின் மூத்த மாணவர்கள் ஒன்பது பேர் தாங்களாகவே முன்வந்திருக்கிறார்கள். நாற்காலி ஏற்றக்கூடிய பேருந்துக்குக் கூடுதல் செலவு வந்தால், அதைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்று நான் கேட்ட குடும்பங்கள் எல்லாமே சொல்லியிருக்கின்றன.

முப்பது நிமிடத்தைக் குறைந்தது மூன்று மணி நேரமாக்குங்கள். நான்கு இடங்களில் இரண்டை விட்டுவிடுங்கள். நேரம் மிஞ்சினால், அருகிலுள்ள பெர்கன் ஒப் சோம் நகரத்திலேயே கோட்டைப் பொறியாளர் மென்னோ வான் கூஹோர்ன் வகுத்த அரண்களில் எஞ்சியிருக்கும் ராவெலைன், அதாவது அகழிக்கு நடுவே தனித்து நிற்கும் முன்னரண், இருக்கிறது. அதன் அகழியில், காற்றடைத்த குழாய்களின் மேல் மிதக்கும் ஒரு நடைபாலத்தை மோசே பாலத்தின் கட்டடக் கலைஞர்களே அமைத்திருக்கிறார்கள். ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது, மற்றது தண்ணீரில் மிதக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பிள்ளை இன்னும் நல்ல கேள்விகளோடு வீடு திரும்பும். அங்கேயும் முதியவர்கள் செல்லும் வசதியை முதலில் விசாரிக்க வேண்டும்.

பாலத்தில் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இறங்காமல் குழுக்களாகப் பிரியுங்கள். எதிரே வருபவர்களுக்கு வழிவிட்ட பின்பே படம் எடுக்க வேண்டும் என்பதையும், மரச்சுவரில் உட்காரக் கூடாது என்பதையும், மண்ணணையில் பாதையை விட்டு விலகி ஏறக் கூடாது என்பதையும் பேருந்தை விட்டு இறங்குமுன் ஒலிவாங்கியில் சொல்லுங்கள். சென்ற ஆண்டு முதியவர்களை இருக்கச் சொன்ன அதே ஒலிவாங்கியில் இவற்றைச் சொல்லலாம்.

கோட்டையையும் நீர்வேலியையும் யாழ்ப்பாணக் கோட்டையோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் பற்றித் தமிழில் நான்கு பக்கக் கைந்நூல் ஒன்றை நான் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்வையிட்டுத் திருத்தி, அச்சிட்டு, புறப்படுமுன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். அன்று அகழிக்கரையில் அரைமணி நேரம் என் அப்பாவுக்குக் கொடுங்கள். முற்றவெளி எதற்காக வெளியாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும். அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை; நீங்கள் அந்த வரியை மீளப்பெற்ற பிறகு கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பதிவு இம்மாத இறுதியில் தொடங்குகிறது. அதற்கு முன்னர் செயற்குழுவைக் கூட்டி, இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்றதா இல்லையா, இல்லையெனில் ஏன் என்பதை எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சுற்றறிக்கை வந்ததும் அப்பா வழக்கம்போல என்னை வாசிக்கச் சொல்வார்.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியையுமான ஒருத்தி